வீட்டிலும் ஆயா... பால்வாடியிலும் ஆயா! சத்துணவுப் பாடம் மட்டும் அம்மாவுக்கு?

மேல்மலையனூர்:

மாசி மாசம் மயானக் கொள்ளை வந்தால் மேல்மலையனூரில் கால் வைக்க இடம் இருக்காது. வெள்ளாமை செய்தவர்கள் நெல், மணிலா, காய்கறி என்று விளைந்ததை எல்லாம் கொண்டு வந்து அங்காளம்மனுக்குச் சூறை விடுவார்கள். கொழுக்கட்டையும் சுண்டலும் கூட்டத்தில் பறக்கும்.

சோற்றுக்குப் பஞ்சப்பட்ட பூமி இல்லை இது. ரேஷனில் அரிசி உண்டு. பால்வாடியில் சத்துமாவு உண்டு. முட்டை உண்டு. அப்புறம் ஏன் எடை போடும் நாளில் சில குழந்தைகளுக்கு மட்டும் எடை ஏற மாட்டேன் என்கிறது?

பண்டம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து விடுகிறது. அது சரியான வாய்க்கு, சரியான பக்குவத்தில் போகிறதா என்பதில்தான் சிக்கல்.

நாலில் ஒன்று

இது மேல்மலையனூர் வட்டாரத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2019-21ல் எடுத்த 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேருக்கு எடை குறைவு. 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை.

இத்தனைக்கும் சத்துணவில் நாட்டுக்கே வழி காட்டிய மாநிலம் இது. 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ள மாநிலம். திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே ஒழுகுது என்று பார்த்தால், வீட்டு அடுப்பங்கரையில்!

குழந்தை யார் கையில்?

மேல்மலையனூர், அவலூர்பேட்டை, வளத்தி பக்கம் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். நாற்று நட, களை எடுக்க, மல்லாட்டை பிடுங்க என்று பொம்பளைங்க கிளம்பி விடுவார்கள். சென்னை, பெங்களூரு பக்கம் கட்டட வேலைக்குப் போன குடும்பங்களும் உண்டு. பல வீடுகளில் பிள்ளையை விட்டு விட்டுப் போவது யாரிடம்? பாட்டியிடம்.

இந்தப் பக்கம் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள். பால்வாடியில் சமைத்துப் போடும் உதவியாளருக்கும் அதே பேர்தான். ஆக, பொழுது விடிந்து பொழுது போகிற வரைக்கும் குழந்தை ஏதாவது ஒரு ஆயா கையில்தான்.

ஆனால் சத்துணவுப் பாடம் நடப்பது யாருக்கு? கர்ப்பிணிக்கு. பால் கொடுக்கும் தாய்க்கு. 2018ல் மத்திய அரசு ஆரம்பித்த போஷன் அபியான் ஆகட்டும், 2022ல் மாநில அரசு ஆரம்பித்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் ஆகட்டும், குறி தாய் மேல்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பகல் பூரா ஊட்டி விடுகிற கை யாருடையதோ, அந்தக் கைக்கு யாரும் தனியாகப் பாடம் சொல்வதில்லை.

ஆயா சொன்னா சரி!

மருமகள் கூட்டத்தில் கேட்டு விட்டு வந்து சொல்வாள். மாமியார், "நாங்க எல்லாம் பிள்ளை வளர்க்கலையா?" என்பார். அதோடு முடிந்தது கதை.

ஊர் ஊருக்குக் கேட்கிற பேச்சுகள் இவை:

* "முட்டை சூடு, ஒரு வயசு ஆகட்டும்." - ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போதே நன்றாக வேக வைத்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 6 மாதத்தில் இருந்து முட்டை, மீன், இறைச்சி மாதிரி உணவு தினமும் வேண்டும் என்கிறது.

* "பருப்புத் தண்ணி கொடுத்தா போதும்." - சத்து அடியில் தங்கிப் போகிறது. மேலே வடித்த தண்ணியில் வயிறுதான் ரொம்பும். பருப்பையே மசித்துக் கொடுக்க வேண்டும்.

* "டீயில பிஸ்கட்டை நனைச்சு கொடு, அழுகை நிக்கும்." - அழுகை நிற்கும், பசியும் நிற்கும். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாமல் டீ தடுக்கும். ரத்த சோகைக்கு இதுவும் ஒரு வாசல்.

* "வயித்தால போகுது, சோறு கொடுக்காத." - அப்போதுதான் கட்டாயம் கொடுக்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசலோடு, மசித்த சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும்.

* "நாக்குல தேன் தடவு." - ஒரு வயது வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து.

ஆயா கெட்டவர் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் வளர்த்த காலத்தில் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சத்துமாவு ரகசியம்

பாக்கெட்டில் வருகிற சத்துமாவு பல வீடுகளில் "இது என்ன, மாட்டுக்கு வைக்கிற மாவு மாதிரி" என்று மூலையில் கிடக்கும். இல்லாவிட்டால் பெரியவர்கள் முதல் சின்னவர்கள் வரை ஆளுக்கு ஒரு உருண்டை. குழந்தைக்குக் கிடைப்பது கடைசி உருண்டை.

அதில் என்ன இருக்கிறது என்று ஆயாவுக்குத் தெரிந்தால் இப்படி நடக்காது. வறுத்த கோதுமை மாவு, கடலைப் பருப்பு மாவு, வெல்லம், விட்டமின்கள், இதோடு முளைக்கட்டிய கேழ்வரகு மாவு. இந்த முளைக்கட்டின மாவில்தான் சூட்சுமம் இருக்கிறது.

குழந்தையின் வயிறு சின்னது. கஞ்சியைத் தண்ணியாக வைத்தால் இரண்டு வாயில் வயிறு ரொம்பி விடும், சத்து சேராது. கெட்டியாக வைத்தால் தொண்டையில் இறங்காது. தானியம் முளைவிடும்போது உண்டாகும் ஒரு நொதி, மாவின் பசையை உடைத்து இளக்கி விடும். அதனால் அதே அளவு தண்ணியில் கூடுதல் மாவைப் போட முடியும். ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாத பதம் இருக்கும், தொண்டையிலும் சுலபமாக இறங்கும்.

ஆயாக்களுக்கு இது புதுசு இல்லை. கேழ்வரகை முளைக்கட்டிக் காய வைத்து அரைத்த கை அது. "நீங்க செஞ்சதுதான் இது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாக்கெட் மூலைக்குப் போகாது.

செனகலில் நடந்தது

பெருசுங்க மாறவே மாட்டாங்க என்று சொல்பவர்களுக்கு ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு பதில் இருக்கிறது. செனகல் நாட்டுக் கிராமங்களில் பாட்டிகளையே உட்கார வைத்து, பாட்டு, கதை, கலந்து பேசுவது என்று சத்துணவுப் பாடம் நடத்தினார்கள். உத்தரவு போடவில்லை. அவர்களுக்குத் தெரிந்த நல்லதை முதலில் பாராட்டினார்கள், பிறகு புதுசைச் சேர்த்தார்கள்.

பாட்டிகள் மருமகளுக்குச் சொல்கிற யோசனையே மாறிப் போனது. 2004ல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பே, மரபைக் காப்பவர்கள் மாற்றத்துக்கு எதிரிகள் இல்லை என்ற பொருளில்தான் இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வழி தெரியாதது இல்லை. 1980ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். ஊர்ப் பெண்களையே குழுவாகச் சேர்த்துப் பேசினார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. மாவோடு பேச்சும் சேர்ந்து போனதால் கிடைத்த பலன் அது.

ஒரே பந்தியில் தாத்தாவும் பேரனும்

பெரியவர்களைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு, 1983 ஜனவரியில், முதியோர் பென்ஷன் வாங்குபவர்களும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். மையத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடும் பென்ஷன்தாரருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்பது திட்டத்தின் கணக்கு.

அதாவது, குழந்தையும் முதியவரும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட அரசே எப்போதோ வழி செய்து விட்டது. சோறு போடும் இடத்தில் ரெண்டு நல்ல வார்த்தையும் போட்டால் என்ன என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஆயா தட்டில் என்ன?

பேரனுக்குப் பாடம் கேட்கப் போகிற ஆயாவின் தட்டையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். காலையில் டீ, பன். மதியம் ரசம் சோறு. ராத்திரி மிச்சக் கஞ்சி. முட்டை வந்தால் பேரப் பிள்ளைக்கு. 'எனக்கு எதுக்கு, வயசாயிடுச்சு' என்பதே பல வீட்டில் கேட்கும் பேச்சு.

2017-18ல் நடந்த முதியோர் பற்றிய தேசிய ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் எடை குறைவு என்று தெரிய வந்தது. முதியோர் விகிதத்தில் கேரளாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு கணக்குப் போடலாம். 50 கிலோ எடையுள்ள ஆயாவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 40 கிராம் புரதம் தேவை. 200 கிராம் அரிசியில் கிடைப்பது 16 கிராம்தான். அதோடு ஒரு முட்டை 6 கிராம், ஒரு கைப்பிடி மல்லாட்டை 6 கிராம், ஒரு கரண்டிப் பருப்பு 7 கிராம். கொஞ்சம் மோரும் சேர்ந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகி விடும்.

பல் இல்லையா? மல்லாட்டையை வறுத்துப் பொடித்துக் கொள்ளலாம். சுண்டலைக் குழைய வேக வைக்கலாம். சின்னக் குழந்தைக்கும் இதே பொடிதான் சரி. முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும். பூசணம் பிடித்த, சுருங்கின கொட்டையைத் தூக்கிப் போட்டு விட வேண்டும். பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டையை அனுப்பும்போது, வீட்டுக்கும் நல்ல கொட்டையில் ரெண்டு படி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு நம்பிக்கையும் உடைய வேண்டும். 'கேவுரு கூழ் குடிச்சா சர்க்கரை ஏறாது' என்று சொல்வார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருப்பது உண்மை. எலும்புக்கு நல்லது. ஆனால் அதுவும் மாவுப்பண்டம்தான். நாலு குவளை குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கூட ஊறுகாயும் கருவாடும் அளவில்லாமல் போனால் பிரஷரும் ஏறும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு.

டீச்சர் என்ன செய்வார்?

எல்லாவற்றையும் பால்வாடி டீச்சர் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. எடை போட வேண்டும், பாட்டு சொல்லித் தர வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் போனைத் தூக்கிக் கொண்டு மரத்தடிக்கு ஓட வேண்டும். காலியிடம் இருந்தால் பக்கத்து மையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025ல் மாநிலம் முழுக்க 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்ததே நெருக்கடி எவ்வளவு என்பதைக் காட்டும்.

ஆனால் இதற்குப் புதுத் திட்டமோ புதுப் பணமோ வேண்டியதில்லை. சத்துமாவு கொடுக்கும் நாளில் வாங்க வருவதே பல வீட்டில் ஆயாதான். பாக்கெட்டைக் கையில் கொடுத்து, கைநாட்டு வாங்கி அனுப்புவதற்குப் பதில் அரை மணி நேரம் உட்கார வைக்கலாம். அங்கேயே ஒரு உருண்டை பிசைந்து காட்டலாம். முட்டையை மசித்துக் காட்டலாம். முருங்கைக் கீரையில் ஏன் ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும் என்று சொல்லலாம்.

முதியோருக்கான உப்பு, சர்க்கரை விஷயத்தைக் கிராம சுகாதார செவிலியர் பேசலாம். கூடவே பால்வாடி ஆயாவையும் உட்கார வைக்க வேண்டும். அவர் சமையல்காரர் மட்டும் இல்லை, ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கிற ஆள்.

எடை ஏறாத குழந்தையின் வீட்டுக்குப் போகும்போது, "அம்மா எங்கே?" என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பி வருகிற வழக்கம் மாற வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம், "ஆயா, பேரனுக்குக் காலையில என்ன கொடுத்தீங்க? நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்து விடும்.

அடுத்த சத்துமாவு நாளில் கூட்டத்துக்கு வரச் சொல்லும் பட்டியலில் ஆயாக்கள் பேரும் இருக்குமா என்பதுதான் இப்போது மேல்மலையனூர் வட்டார கிராமங்களின் எதிர்பார்ப்பு.