உன் கையை நீயே பார்!

"எனக்குச் செய்யத் தெரியும் மேடம்" என்று சொல்கிற நர்சிங் மாணவி பொய் சொல்லவில்லை. தெரியும் என்றுதான் நம்புகிறாள். சிக்கலே அங்கேதான்.

இங்கே டெல்லியில் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காலேஜ் 1946-ல் ஆரம்பித்தது. அதே வருஷம் நம்ம வேலூர் சி.எம்.சி.யிலும் பி.எஸ்சி. நர்சிங் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் பல காலேஜ்களில் பாடம் எப்படி? டீச்சர் ஒரு தடவை செய்து காட்டுவார், மாணவி ஒரு தடவை திருப்பிச் செய்வாள், ரெக்கார்டில் கையெழுத்து. முடிந்தது கதை!

பத்துப் பேருக்கு ஒரு டீச்சர் என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு. இருபது கைகளை இரண்டு கண் எப்படிப் பார்க்கும்? ஸ்டெரைல் க்ளவுஸ் போட்ட விரல் கட்டில் ஓரத்தில் உரசியது யாருக்குத் தெரியும்? சோப்பு போட்டுக் கை கழுவ 40-60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. பத்து விநாடியில் முடித்துவிட்டு "முழுசா கழுவினேன்" என்பவளுக்குத் திட்டினால் ஏறாது. வீடியோவில் விநாடி ஓடுவதை அவளே பார்த்தால் ஏறும்.

இது ஒன்றும் புதுசு இல்லீங்க. 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்த மைக்ரோ டீச்சிங்கில் டீச்சர்கள் தங்களையே டேப்பில் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். எழுபதுகளில் டெல்லி என்.சி.இ.ஆர்.டி.யும் அதைப் பரப்பியது. பாடம் நடத்த உதவுவது ஊசி போட உதவாதா?

"பிரைவசி?" நியாயமான கேள்வி. நோயாளியைப் படம் எடுக்கவே கூடாது. ஸ்கில் லேபில், டம்மி மேல், கையை மட்டும் எடுங்கள். முதலில் அவளே பார்க்கட்டும், செக்லிஸ்ட்டை வைத்துக்கொண்டு தனக்குத் தானே மார்க் போடட்டும். செக்லிஸ்ட் இல்லாவிட்டால் தன் தலைமுடியும் குரலும்தான் கண்ணில் படும். அப்புறம் டீச்சரோடு உட்கார்ந்து பேசிவிட்டு அழித்துவிடலாம். அதையே ஸ்டாஃப் மீட்டிங்கில் போட்டுக் காட்டினால் அது பாடம் இல்லை, தண்டனை.

2021-ல் வந்த புதிய பாடத்திட்டம் சிமுலேஷனுக்கு இடம் கொடுத்தது. லட்சக்கணக்கில் டம்மி வாங்கி, இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் பீரோவைத் திறப்பதா அதற்கு அர்த்தம்? செலவில்லாத கேமரா ஒவ்வொரு மாணவியிடமும் இருக்கிறது. அதைப் பிடுங்கி லாக்கரில் பூட்டுகிறீர்கள்.

நிர்வாகிகளே, ஒரே கேள்வி. நாளைக்கு உங்க அம்மா கையில் நரம்பு தேடப்போகிறவள் இவள்தான். ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியவள் போதுமா, தன் கையைத் தானே பத்துத் தடவை பார்த்துத் திருத்தியவள் வேண்டுமா?