செஞ்சிக் கோட்டையும் கூடங்குளத்துப் பொட்டியும்

நம்ம ஊர் அனந்தபுரம், செஞ்சிக்குப் பக்கம். பொங்கல் லீவுல போனப்ப ராஜகிரி ஏறினேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆழமான பாறைப் பிளவு, குறுக்கே சின்னதா ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா எதிரி தாண்ட முடியாது. நம்ம பொழப்புல இதுக்குப் பேரு 'ஏர் கேப்'. பொட்டி தட்டுறவன் மலை ஏறினாலும் புத்தி அங்கதான் போகுது :-)

உடனே கூடங்குளம் ஞாபகம் வந்துச்சு. 2019 அக்டோபர் 29, அணுமின் நிலையத்தோட அறிக்கை: எங்க கட்டுப்பாட்டு அமைப்பு தனியா இருக்கு, இணையத்தோட தொடர்பில்லை, சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மைன்னு ஒத்துக்கிச்சு. நிர்வாக வேலைக்காக இணையத்தோட இணைச்ச நெட்வொர்க்குல ஒருத்தரோட பிசி. உலைப் பக்கம் பாதிப்பில்லை. இதை செர்ட்-இன் கவனிச்சுச் சொன்னதோ செப்டம்பர் 4!

அந்த மால்வேர் பேரு டிடிராக். வடகொரியாவோட தொடர்புபடுத்தப்படுற லாசரஸ் கும்பலோட சரக்குன்னு காஸ்பர்ஸ்கி சொல்லுது. உலையை வெடிக்க வைக்கிறது அதோட வேலையில்லை. கீபோர்டுல தட்டுறது, பிரவுசர்ல பார்த்தது, டிஸ்க்குல இருக்கிற ஃபைல் பட்டியல் எல்லாத்தையும் சுருட்டும். ஒற்றனுக்கு அதுதானே வேணும்? யார் எந்த வேலை பார்க்கிறாங்க, யார் யாருக்கு மெயில் போடுறாங்க, எல்லாம் நிர்வாகப் பொட்டியிலதான் கிடக்கு. அதனால "உலை பத்திரம்"ங்கிறது சரியான பதில்தான், ஆனா வேற கேள்விக்கு.

மறுப்பு அறிக்கை விட்டவங்களை நக்கலடிக்க எனக்குத் தகுதியில்லை. போன வருஷம் எச்.ஆர். பேர்ல வந்த டுபாக்கூர் மெயில்ல பாஸ்வேர்டைத் தட்டிட்டேன். அடுத்த நிமிஷமே புரிஞ்சிருச்சு. ஆனாலும் நாலு மணி நேரம் வாயைத் திறக்கலை. காரணம், எங்க ஆபீஸ்ல மாட்டினவன் பேரைப் போட்டு எல்லாருக்கும் மெயில் அனுப்புவாங்க. அந்த நாலு மணி நேரம் எவனுக்கு லாபம்?

2022-ல செர்ட்-இன் உத்தரவு போட்டுச்சு, சம்பவம் தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும்னு. நல்லது. ஆனா சொன்னவன் தலையில குட்டுற வரைக்கும் எவனும் சொல்ல மாட்டான். நாட்டு ரகசியமோ கம்பெனி ரகசியமோ, முதல் ஓட்டை இந்தப் பயம்தான்.

செஞ்சியைப் பிடிக்க மொகலாயருக்கு ஏழெட்டு வருஷம் ஆச்சு. 1750-ல பிரெஞ்சுக்காரன் ஒரே ராத்திரியில பிடிச்சான். மலை அதே மலைதான் மக்கா. காவல்தான் வேற.