திருக்கைக்கு எவ்வளவு தரை வேண்டும்?

மீன் தொட்டி வாங்கப் போனால் எத்தனை லீட்டர் என்றுதான் முதலில் கேட்போம். நன்னீர்த் திருக்கைக்குக் கேட்க வேண்டியது தொட்டியின் தரை எவ்வளவு என்று. அது நாளின் பெரும்பகுதியை அடியில் மணலோடு மணலாகப் படுத்தே கழிக்கிறது. கண்களுக்குப் பின்னாலுள்ள துளைகளால் நீரை உள்ளிழுத்து, அடிப்புறச் செவுள் பிளவுகள் வழியே வெளிவிடுகிறது. அதற்கு உயரத்தால் பெரிய பயன் இல்லை. ஒன்றரை அடித் தண்ணீர் தாராளம். கடையில் காணும் குட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் என்பதால், 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட வழக்கமான தொட்டி போதும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் மொட்டோரோ, தென்னமெரிக்கப் பேராறுகளின் பிராணி. வளர்ந்தபின் வாலைச் சேர்க்காமல் அதன் வட்ட உடலே ஒன்றரை அடி வரும். பெண் என்றால் இன்னும் பெரிது. ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அதனால் உடலைத் திருப்பவும் முடியாது. என் கணக்கில் 8 அடி நீளம், 4 அடி அகலம்தான் நேர்மையான அளவு. லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி என்றால், அதில் கால்வாசிக்கு மேல் இந்தத் தொட்டிக்கே போய்விடும்.

பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிருக்கும் கரண்ட் பில்லுக்கும் இவ்வளவு பெரிய தொட்டி கட்டுப்படியாகுமா என்று கேட்பது நியாயம்தான். ஒன்றரை அடித் தண்ணீரோடு இந்தத் தொட்டி ஏறக்குறைய 1360 லீட்டர் பிடிக்கும். வாரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 450 லீட்டர், மாற்ற வேண்டும். குளிர்காலத்துத் தண்ணீர் 18 பாகையில் இருந்தால் அதைத் திருக்கைக்கு உகந்த 27 பாகைக்கு ஏற்ற, அந்தப் புதுத் தண்ணீருக்கு மட்டும் 5 யூனிட்டுக்குக் கிட்ட மின்சாரம் போகும். ஆகவே சிறிய தொட்டியே நமக்கு ஏற்றது என்று முடிவுகட்டினால், கணக்கு தலைகீழாகிவிடும். அதே திருக்கையின் கழிவு 255 லீட்டர் தொட்டியில் ஐந்து மடங்குக்கு மேல் செறிவாகச் சேரும். இறைச்சியும் இறாலும் தின்னும் இந்த மீன் அமோனியாவை அதிகம் கழிக்கும். அந்த அமோனியாவைத் தாங்கவும் அதனால் முடியாது. தண்ணீர் கெட்டதும் வட்ட உடலின் ஓரம் மேல்நோக்கிச் சுருளத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் போனதை யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு நாளில் சீக்கிரம் குளிர்வதும் மூச்சுமுட்டுவதும் சின்னத் தொட்டிதான். இன்னொன்று: ஹீட்டருக்கு உறை போடாவிட்டால் திருக்கை அதன்மேல் படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

தண்ணீர்ப் பிரச்சினை கரண்ட் செலவைவிடப் பெரியது. உமா ஓயா திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, பண்டாரவளைச் சுற்றுப்புறக் கிணறுகள் வற்றிய ஊர் இது. தோட்டத்தில் பீலித் தண்ணீரை நம்பியிருக்கும் வீடு, வாரம் 450 லீட்டரை ஒரு மீனுக்கு ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. தண்ணீரும் இடமும் உள்ளவர்கள் கண்ணாடித் தொட்டியைவிடக் கீழ்த்தளத்தில் கல் வைத்துக் கட்டிய தொட்டியை யோசிக்கலாம். தண்ணீரே 1.3 தொன்னுக்கு மேல் நிறை. மலைச்சரிவு வீட்டின் மேல்மாடியில் அதை வைப்பது ஆபத்து.

மீன் தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும் என்று சொல்பவர்கள் உண்டு. நெருக்கடியிலும் கெட்ட தண்ணீரிலும் வளர்ச்சி குன்றுவது நோய். அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வளர்ந்தபின் பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்பதும் பெரும்பாலும் நடப்பதில்லை. நச்சு முள் உள்ள ஒன்றரை அடிப் பிராணியை எளிதில் யாரும் வாங்கமாட்டார்கள். கடைசியில் ஆற்றில் விடும் எண்ணம் வரும். சிங்கப்பூரின் அப்பர் செலெட்டார் நீர்த்தேக்கத்தில் இதே மொட்டோரோ குடியேறி இனம்பெருக்கியது, வளர்ப்பு மீன்களை விட்டதால்தான். இங்கே விட்டால் அங்கோடு நிற்காது; பதுளு ஓயா மகாவலியில் சேருகிறது. டாங்க் கிளீனர் மீன் நம் நீர்நிலைகளில் பரவிய பாடு போதும்.

4 அடித் தொட்டிதான் இருக்கிறது என்றால் பண்டாரவளைக் குளிரில் இரண்டு மூன்று தங்கமீன்களை ஹீட்டர் இல்லாமலே வளர்க்கலாம். அதற்கு நல்ல ஃபில்டர் ஒன்றும், பின்கட்டிலிருந்து நாலைந்து வாளித் தண்ணீரும் இருந்தால் வாரம் ஓடிவிடும்.