ஏறும் முன் பாருங்கள்!

அன்புக் குட்டீஸ்,

விடுமுறையில் படகுச் சவாரி என்றால் கொண்டாட்டம்தான்! ஆனால், 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து, 22 பேர் உயிரிழந்தனர்.

ஆகவே, ஏறும் முன் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? அதற்கு மேல் ஒருவர்கூட ஏறக்கூடாது. பாரம் கூடினால் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கும். சின்ன அலைகூட உள்ளே புகுந்துவிடும். அமைதியான ஏரியில் ஓடும் படகு, அலையடிக்கும் முகத்துவாரத்துக்குத் தாங்காது. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? நீச்சல் தெரிந்தாலும் அணியுங்கள். போட்டோ எடுக்க ஒரே பக்கம் எழுந்து நிற்காதீர்கள்; படகு சாயும்.

குறை தெரிந்தால், "அப்பா, இந்தப் படகு வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். கரையில் நின்றும் கடலை ரசிக்கலாமே!

அன்புடன்,
ஆசிரியர்