தப்பான மூணு விடையையும் கேளுங்க!

பரீட்சை நெருங்கிவிட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம்தான். அம்மா கையில் கைடு, எதிரே பிள்ளை. "ஒண்ணு?" "ஆ." "ரெண்டு?" "ஈ." "மூணு?" "அ." சமூக அறிவியல் ஒரு மார்க் கேள்விகளுக்கு நடக்கிற பயிற்சி இது. கேள்வியை யாரும் வாசிப்பதுகூட இல்லை. நம்பரைச் சொன்னால் எழுத்து வந்து விழுகிறது. "எங்க பொண்ணு எல்லாத்துக்கும் டக் டக்குனு சொல்லிடுவா" என்று அம்மாவுக்குப் பெருமை வேறு!

நானும் அப்படிப் பெருமைப்பட்டவள்தான். அதனால் என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகன் எட்டாம் வகுப்பு படித்தபோது என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதினான். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகை அது. தேர்வாகிவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? தேர்வில் மனத்திறன் பகுதிக்கு 90 கேள்வி, பாடப் பகுதிக்கு 90 கேள்வி. பாடப் பகுதியில் 35 கேள்வி சமூக அறிவியல்தான். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள்.

தினமும் விளக்கு வைத்த பிறகு கைடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவனும் எழுத்து எழுத்தாக ஒப்பித்தான். பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் முகம் வாடியிருந்தது. "அம்மா, நீ கேட்ட கேள்விதான் வந்துச்சு. ஆனா விடையெல்லாம் இடம் மாத்திப் போட்டுட்டாங்க" என்றான். கவர்னர் ஆவதற்குக் குறைந்தபட்ச வயது என்ன என்பது ஒரு கேள்வியாம். கைடில் விடை 'இ'. அவனும் கண்ணை மூடிக்கொண்டு 'இ' போட்டுவிட்டான். அங்கே 'இ'யில் இருந்தது 25. சரியான விடையான 35 'அ'வில் இருந்திருக்கிறது. இப்படி எத்தனை போச்சோ! கொஞ்ச மார்க்கில் உதவித்தொகை கை நழுவிப் போய்விட்டது.

அன்றைக்குக் கோபத்தில் பிள்ளையை நன்றாகத் திட்டிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அவன் மேல் என்ன தப்பு? நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்திருக்கிறான். கவர்னர் வயதை நான் எங்கே சொல்லிக் கொடுத்தேன்? 'இ' என்ற எழுத்தைத்தானே சொல்லிக் கொடுத்தேன்!

மறுநாள் அந்தக் கேள்வியை எடுத்து வைத்துப் பார்த்தேன். 18, 21, 25, 35 என்று நாலு விடை. சரியானது 35. மற்ற மூன்றும் சும்மா இடத்தை அடைக்கப் போட்டவையா? இல்லையே! 18 ஓட்டுப் போடுகிற வயது. முன்பு அது 21 ஆக இருந்தது. 1988ல் அரசியலமைப்புச் சட்டத்தில் 61வது திருத்தம் கொண்டு வந்துதான் 18 ஆகக் குறைத்தார்கள். இன்று 21 என்பது நம் ஊராட்சித் தேர்தலில் நிற்க வேண்டிய வயது. 25 எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் நிற்க வேண்டிய வயது. தப்பான விடை என்று நாம் தள்ளுகிற ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒரு கேள்விக்குச் சரியான விடையாக இருக்கிறது. ஒரு கேள்விக்குள் நாலு கேள்வி ஒளிந்திருக்கிறது. நாம்தான் மூன்றைக் குப்பையில் போட்டுவிடுகிறோம்.

அன்றிலிருந்து என் வீட்டில் பழக்கத்தை மாற்றிவிட்டேன். முதலில் கேள்வியை மட்டும் வாசிப்பேன். விடைகளைக் கையால் மறைத்துக்கொள்வேன். பிள்ளை தானாகச் சொல்ல வேண்டும். அப்புறம் நாலு விடையையும் வரிசை மாற்றி வாசிப்பேன். சரியானதைச் சொன்னவுடன் விட்டுவிட மாட்டேன். "சரி, மத்த மூணும் ஏன் இல்ல? அது எதுக்கு விடை?" என்று கேட்பேன். தெரியாவிட்டால் இரண்டு பேருமாகப் புத்தகத்தைப் புரட்டுவோம். கைடில் சில சமயம் விடையே தப்பாக அச்சாகி இருக்கிறது. அதுவும் இப்படித் தேடும்போதுதான் தெரிகிறது.

என் நாத்தனார் இதைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி இவ்வளவு பாடு? பத்தாவது பரீட்சையில நூத்துக்கு 14 மார்க்தானே இந்தக் கேள்வி?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மிச்சமுள்ள இரண்டு மார்க், ஐந்து மார்க், எட்டு மார்க் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன? அதே பாடத்திலிருந்துதானே!

ஓர் உதாரணம் சொல்கிறேன். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்? வ.உ.சி., ராஜாஜி, பெரியார், காமராஜர் என்று நாலு பெயர் கொடுத்துக் கேட்டேன். மகன் இப்போது பத்தாவது. "ராஜாஜி" என்றான். "வ.உ.சி. ஏன் இல்ல?" "அவர் 1906ல தூத்துக்குடியில சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சவர்மா." "பெரியார்?" "அவர் 1924ல வைக்கம் போராட்டம்." "காமராஜர்?" இங்கேதான் விழித்தான். புத்தகத்தைப் பார்த்தோம். காமராஜரும் அந்த உப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டு ஜெயிலுக்குப் போனவர்தான். தலைமை மட்டும் ராஜாஜி. ஒரு மார்க் கேள்விக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது ஐந்து மார்க் விடைக்கு வேண்டிய அளவு பேசிவிட்டான்.

அதோடு நான் ஒன்று சேர்த்துச் சொன்னேன். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து கிளம்பிய அந்தத் தொண்டர்கள் எங்கள் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் வேதாரண்யம் போனார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அப்படியும் ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்களாம். அதே போராட்டத்தில் ருக்மணி லட்சுமிபதி என்ற பெண்மணியும் கைதானார். பிற்பாடு 1946ல் சென்னை மாகாணத்தின் முதல் பெண் மந்திரி ஆனவர் அவர்தான். "நிஜமாவாம்மா, நம்ம ஊர் வழியாவா?" என்று கேட்டான் பாருங்கள், அந்தப் பாடத்தை அவன் இனி மறப்பானா?

'கூற்று, காரணம்' என்று ஒரு வகைக் கேள்வி இருக்கிறது. எழுத்தை உருப்போடுகிற பிள்ளைகள் அதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு சுலப வழி கண்டுபிடித்தேன். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் 'ஏனென்றால்' என்று போட்டு உரக்க வாசிக்கச் சொல்லுவேன். "தென்மேற்குப் பருவக்காற்றால் தமிழ்நாட்டுக்கு அதிக மழை கிடைப்பதில்லை. ஏனென்றால், தமிழ்நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது." பொருந்துகிறது. "தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் மழை அதிகம். ஏனென்றால், சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம்." இதைக் கேட்டதும் எட்டாவது படிக்கிற என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டும் சரிதான், ஆனால் அது இதற்குக் காரணம் இல்லை என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

'இந்த மாதிரிக் கேள்விகளே வேண்டாம், பிள்ளைகளுக்கு எழுதுகிற பழக்கம் போய்விடுகிறது' என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். எழுதிப் பார்ப்பது அவசியம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்விகள் நம் பிள்ளைகளை விடப் போவதில்லை. நாளைக்குக் குரூப் 4 பரீட்சை எழுதினாலும் 200 கேள்வியும் விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விதான். வரலாறும் குடிமையியலும் அங்கேயும் வரும். ஆகவே குறை கேள்வியில் இல்லை. நாம் பயிற்சி கொடுக்கிற விதத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பள்ளி ஆசிரியர்களுக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புத்தகத்தில் உள்ள அதே வரிசையில் விடைகளைக் கொடுத்து டெஸ்ட் வைக்காதீர்கள். இடம் மாற்றிக் கொடுங்கள். எழுத்தை மட்டும் எழுதவிடாமல் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மார்க் கொஞ்சம் குறையலாம். எந்தப் பிள்ளைக்கு நிஜமாகத் தெரியும், எந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்பது பரீட்சைக்கு முன்பே வெளிச்சமாகிவிடும்.

"எனக்கென்னங்க தெரியும், நான் பத்தாவதுதான்" என்று சொல்லும் சகோதரிகளுக்கும் ஒன்று. நானும் பத்தாவதுதான். "மத்த மூணும் ஏன் இல்ல?" என்று கேட்பதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். காய் நறுக்கும்போது கேட்கலாம், துணி மடிக்கும்போது கேட்கலாம். ஒரு நாளைக்கு நூறு கேள்வி வேண்டாம். பத்துக் கேள்வி போதும். பத்துக்குள் நாற்பது இருக்கிறது. தயவுசெய்து பெண் பிள்ளையை மட்டும் அடுப்படி வேலைக்கு நடுவில் பதில் சொல்ல வைத்துவிட்டு, ஆண் பிள்ளையை மேஜையில் உட்கார வைக்காதீர்கள். இருவரையும் சமமாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

இந்த வருடம் என் மகள் அதே உதவித்தொகைத் தேர்வு எழுதப் போகிறாள். கிடைக்குமோ கிடைக்காதோ, அது அவள் முயற்சி. ஆனால் விடையை எந்த இடத்தில் மாற்றிப் போட்டாலும் அவள் மாட்டிக்கொள்ள மாட்டாள் என்ற தைரியம் எனக்கு இருக்கிறது. நேற்று அவளே என்னை மடக்கிவிட்டாள்: "அம்மா, ராஜ்யசபா எம்.பி.க்கு எத்தனை வயசு?" 25 என்றேன். "தப்பு, 30! 25 எதுக்கு விடை, சொல்லு பாப்போம்?"

நீங்களும் இன்று சாயங்காலம் இப்படிக் கேட்டுப் பாருங்களேன்!

– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி.