காரை விட்டு இறங்கிப் பாருங்கள்

நீங்கள் கார் வைத்திருப்பவரா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறுகிறவன் நான்தான்.

என் வாழ்க்கையில் ஐந்து கார்கள். 1979-ல் செகண்ட் ஹேண்டாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம சென்னையில் தயாரான வண்டி. அப்புறம் ஓர் அம்பாசடர். 1987-ல் மாருதி 800. 2000-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ. இப்போது உயரமான ஒரு எஸ்.யூ.வி. ஒவ்வொரு கார் வந்தபோதும் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, 'முன்னேறிட்டோம்' என்று வீடே கொண்டாடியது.

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், கடப்பாக்கத்தில் டீ குடிக்க இறங்கும்வரை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கு முன்னால் வரும் ஊர். ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் இடம் என்றால் சட்டென்று தெரியும். எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும் நாலு கடைகள், அவ்வளவுதான் எனக்கு அந்த ஊர்.

அன்று எதிர்ப்பக்கம் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கலாமே என்று ரோடு ஓரத்தில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக கார் ஓட்டுகிறவனுக்கு ஒரு ரோட்டைக் கடக்கத் தெரியவில்லை!

பக்கத்தில் அலுமினியக் கூடையோடு ஓர் அம்மா. கடல் இருப்பது கிழக்கே. சென்னைப் பக்கம் போகும் பஸ் நிற்பதோ மேற்கே. குப்பத்திலிருந்து வருகிறவர் தாண்டித்தான் ஆகவேண்டும்.

"கை காட்னா எவனும் நிக்க மாட்டான் சார். ஓடினாத்தான் உண்டு. எனக்கு முட்டி வலி, எங்க ஓடறது?" என்றார்.

எவனும் நிற்கமாட்டான். அந்த 'எவன்' யார்? நான்தான். நீங்கள்தான்.

அந்தக் காலத்து கார்களில் அறுபதைத் தொட்டாலே சத்தமும் அதிர்வும் நம்மை எச்சரிக்கும். இன்றைய கார் நூறில் போகும்போதும் தாலாட்டுகிறது. ஆனால், நூறில் போகிற கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், லைசென்ஸ் வாங்கியதும் மறந்துவிட்டோம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் வெறுமனே நடந்து போனவர்கள். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்கு!

"அவங்க பார்த்து வரக்கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். பார்க்க வேண்டியது நாம். ரோடு வருவதற்கு முன்பே அங்கே குப்பம் இருந்தது. அந்த அம்மா நம் ரோட்டின் குறுக்கே வரவில்லை. நாம்தான் அவருடைய ஊரின் குறுக்கே ரோடு போட்டோம்.

இப்போது சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். மரக்காணம்-புதுச்சேரி 46 கிலோமீட்டருக்கு மட்டும் 2,157 கோடி ரூபாய்க்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அகலப்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், அகலமாக ஆக, தாண்ட வேண்டிய தூரமும் கூடுமே? குப்பத்துக்குக் குப்பம் பாதுகாப்பாகக் கடக்க வழி செய்துவிட்டு அகலப்படுத்துங்கள். நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு, ஊருக்குள் வேகத்தை அடக்கும் மேடு, இரவில் விளக்கு. கோடிகளோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறைக் காசு.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை பாண்டிச்சேரி போகும்போது கடப்பாக்கத்தில் இறங்குங்கள். ஒரே ஒரு முறை ரோட்டைக் கடந்து பாருங்கள். அப்புறம் காரில் ஏறியதும், ஓரமாக நிற்பவரைக் கண்டால் உங்கள் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

அன்று நானும் அந்த அம்மாவும் சேர்ந்துதான் கடந்தோம். ஒரு லாரிக்காரர் நிறுத்தி வழிவிட்டார். கார்க்காரர் ஒருவர்கூட நிறுத்தவில்லை.