ஓட்டுநர் இல்லாத இரயிலும், ஏலமலை ஜீப்பும்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஓட்டுநரே இல்லாத மெட்ரோ இரயில் அங்கே வரப்போகிறது என்று சொல்லி, கைப்பேசியில் அதன் சோதனை ஓட்டத்தைக் காட்டினார். ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் தாய் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓட்ட ஆளே இல்லேன்னா, ஏதாச்சும் ஆச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. சிலமலையில் கேட்கப்பட்டாலும், அது உலகம் முழுவதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

முதலில் செய்தியைப் பார்ப்போம். சென்னை மெட்ரோ இரயிலின் முதல் கட்டம் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கியது. அந்த இரயில்களில் ஓட்டுநர் உண்டு. இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் என்ற அளவில் திட்டமிடப்பட்டது. மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. இக்கட்டத்திற்கான இரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி உருவாக்கப்பட்டவை. 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை முதன்மைப் பாதையில் சோதனை ஓட்டம் நடந்தது.

இந்தியாவுக்கு இது புதிதல்ல. தில்லி மெட்ரோவில், ஜனக்புரி மேற்கிலிருந்து தாவரவியல் பூங்கா நிலையம் வரை செல்லும் சுமார் 37 கிலோமீட்டர் தடத்தில் 2020 டிசம்பர் 28 அன்று நாட்டின் முதல் ஓட்டுநரில்லாச் சேவை தொடங்கப்பட்டது. உலக அளவில் இது இன்னும் பழையது. ஜப்பானின் கோபே நகரில் 1981லும், பிரான்சின் லீல் நகரில் 1983லும் இத்தகைய இரயில்கள் வந்துவிட்டன. நம் தமிழர்கள் பலர் வாழும் சிங்கப்பூரின் வடகிழக்குத் தடம் 2003 முதல் ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது.

அப்படியானால் இரயிலை ஓட்டுவது யார்? இரயில் தான் இருக்கும் இடத்தை வானொலி அலைகள் வழியாக இடைவிடாமல் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கிறது. முன்னே செல்லும் இரயிலுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி, எந்த வேகத்தில் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுச் சொல்கிறது. நிலையத்தில் நடைமேடையின் ஓரம் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் இருக்கும். இரயில் சரியாக நின்ற பின்பே இரண்டு கதவுகளும் திறக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் கேமரா வழியே பெட்டிகளைக் கவனிக்கிறார்கள். தேவைப்பட்டால் பயணிகளோடு பேசுகிறார்கள்.

இதில் நன்மைகள் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. கூட்டம் கூடும்போது உடனே கூடுதல் இரயில் விடலாம். இரண்டு இரயில்களுக்கு இடையிலான நேரத்தைக் குறைக்கலாம். நடைமேடைக் கதவுகளால் தண்டவாளத்தில் விழுந்து மடிவோரின் உயிர் காக்கப்படும். களைப்போ தூக்கமோ கணினிக்கு இல்லை.

ஆனால் மனிதத் தவறு முற்றிலும் நீங்கிவிட்டதா? இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

கோலாலம்பூரில் 2021 மே 24 அன்று, ஓட்டுநரில்லாத் தடம் ஒன்றில், சுரங்கத்துக்குள் இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதின. 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பயணிகள் இருந்த இரயில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வந்தது காலி இரயில். கணினித் தொடர்பு பழுதானதால் அதைப் பணியாளர் ஒருவர் கையால் இயக்கிக்கொண்டு வந்தார். அவர் தவறான திசையில் செலுத்தியதே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்பட்டது. தில்லியில் 2017 டிசம்பரில், திறப்பு விழாவுக்குச் சில நாள்களுக்கு முன், பணிமனையில் நின்ற மெட்ரோ இரயில் ஒன்று உருண்டு போய்ச் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. கணினி ஏமாற்றிவிட்டது என்று பலரும் பேசினர். ஆனால், பணிமனை வேலையின்போது விடுவிக்கப்பட்ட பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட மனிதத் தவறே காரணம் எனத் தெரிந்தது.

ஓட்டுநர் இருந்த இரயிலின் கதையையும் பார்ப்போம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு இரயில் விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓட்டுநர் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் இரயிலைச் செலுத்தினார். சைகைக் கம்பி இணைப்புகளில் செய்யப்பட்ட தவறே அந்த இரயிலைச் சரக்கு இரயில் நின்ற கிளைப்பாதைக்குத் திருப்பிவிட்டது.

இந்த மூன்று நிகழ்வுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றுதான். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து போனாலும், பொறுப்பு போய்விடுவதில்லை. அது இடம் மாறுகிறது. கம்பியை இணைப்பவர், இரவில் பணிமனையில் பிரேக்கைச் சோதிப்பவர், மென்பொருள் எழுதுபவர், கட்டுப்பாட்டு அறையில் கண் விழிப்பவர், இவர்களுடைய கைகளுக்கு அது போகிறது. ஓட்டுநரையாவது நாம் கண்ணால் பார்த்தோம். இவர்களை யாரும் பார்ப்பதில்லை. எனவே இவர்களுக்கு நியாயமான ஊதியமும், போதிய ஓய்வும், தவறைத் துணிந்து சொல்லும் உரிமையும் இருக்கின்றனவா என்று கேட்பதே, "இரயில் பாதுகாப்பானதா?" என்று கேட்பதன் உண்மையான பொருள்.

வேலை இழப்பைப் பற்றிய அச்சமும் உண்டு. பாரிசின் மிகப் பழைய மெட்ரோவான முதலாம் தடம் 1900ல் தொடங்கியது; அது 2012ல் முழுமையாகத் தானியங்கியானது. அங்கு பணிசெய்த ஓட்டுநர்களுக்கு வேறு தடங்களிலும் கண்காணிப்புப் பணிகளிலும் இடம் தரப்பட்டது. ஆக, இயந்திரம் வந்தால் மனிதர் தெருவுக்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. அதை முடிவு செய்வது இயந்திரமல்ல, மனிதர்தான். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயரைத் தெரிவு செய்த காரணத்தைக் கர்தினால்களிடம் விளக்கியபோது, 1891ல் தொழிலாளர் நிலை குறித்துத் திருமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்தார். செயற்கை நுண்ணறிவு இன்று மனித மாண்புக்கும் உழைப்புக்கும் புதிய சவால்களைக் கொண்டுவருகிறது என்றார்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. போடியில் ஒரு காலத்தில் ஏலக்காயை வாயால் கூவி ஏலம் விட்டார்கள். இன்று வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். கூவும் குரல் போய்விட்டது. ஆனால் காயைக் கையில் எடுத்து, நிறமும் பருமனும் பார்க்கும் அனுபவம் இன்றும் மனிதரிடமே இருக்கிறது. மலையில் காயைப் பறிப்பதும் நம் பெண்களின் கைகள்தாம்.

அந்தப் பெண்களின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, முந்தல் சோதனைச் சாவடி கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். மாலையில் மழையிலும் மூடுபனியிலும் இறங்குகிறார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப் கவிழ்ந்த செய்தி நமக்குப் புதிதல்ல. அங்கே கணினி இல்லை, தடுப்புக் கதவு இல்லை. இருப்பது ஓட்டுநரின் இரண்டு கண்களும், அவருடைய காலடியில் உள்ள பிரேக்கும் மட்டுமே.

1928ல் வந்த போடி இரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் இறுதியில் நின்றது. மறுபடி 2023 ஜூன் 15 அன்றுதான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். அதனால் சென்னையின் மீது பொறாமைப்பட வேண்டியதில்லை. அந்த மெட்ரோவில் போகப்போகிறவர்கள் நம் பிள்ளைகளும்தான். ஆனால் நகரத்துப் பயணியின் உயிருக்குக் காட்டப்படும் அக்கறையில் ஒரு பங்காவது மலையேறும் கூலிப்பெண்ணின் உயிருக்கும் காட்டப்பட வேண்டும் என்று கேட்பது பொறாமை அல்ல, நீதி.

இதற்கு 63,000 கோடி தேவையில்லை. ஒரு ஜீப்பில் இத்தனை பேர்தான் என்பதில் தோட்ட உரிமையாளர் உறுதியாய் இருக்கட்டும். நடைக்கு இவ்வளவு என்று ஓட்டுநரை விரட்டாமல், நாள் கூலியாகக் கொடுக்கட்டும். அதிகாரிகள் விபத்துக்கு முன்பே வாகனத்தைச் சோதிக்கட்டும். நாமும் நம் பங்கில் உள்ள ஓட்டுநர்களையும் ஏற்றிவிடும் கங்காணிகளையும் தோட்டக்காரர்களையும் ஒன்றாக அமர்த்திப் பேசலாமே. அவர்களில் பலர் ஞாயிறுதோறும் நம்மோடு ஒரே பாயில் அமர்பவர்கள்தாம்.

"யாருப்பா பதில் சொல்றது?" என்று கேட்ட தாய், மறுநாள் திங்கட்கிழமை, வழக்கம்போல் ஜீப் ஏறினார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம் என்பதை மறவாதிருப்போம்.